இடது பக்கத் தோப்பு

என் தங்கச்சி புருஷனை ஊரில் ‘ரப்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் ஸ்டாம்ப் வெட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை; ஒரு ஆள் உள்ளே போனால் அடுத்த ஆள் தெருவில் நிற்க வேண்டும். சண்டை ஆரம்பித்து, கரண்ட் அடிக்கடி போகத் தொடங்கியதும் மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஈ ஓட்டினார்கள். கத்தியை வைத்துக் கையாலேயே வெட்டுகிற இவருக்கு மட்டும் வேலை குவிந்தது. அந்தச் சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. அவரையும் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டாம்பில் எழுத்தைத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் குத்தும்போது நேராக விழும். மற்றவர்கள் தாளில் நேராக எழுதி, அதைக் கவிழ்த்து ரப்பரில் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு அந்த வேலையே கிடையாது. பென்சிலை எடுத்தால் ரப்பர் மேல் நேரடியாகத் திருப்பியே எழுதுவார். சின்ன வயதிலிருந்து செய்து செய்து கை அப்படியே ஊறிப்போய்விட்டது. எழுத்து என்றால் கவனமாக இருந்து நேராக எழுதிவிடுவார். படம் என்று வந்தால் கவனம் எங்கேயோ போய்விடும், கை அதன் போக்கில் போகும். ஒருமுறை எங்கள் வீட்டை வரைந்தார். மாடிப்படி வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் போய்விட்டது. “யார் வீடு மாப்பிள்ளை இது? வாடகை எவ்வளவு?” என்று கேட்டேன். மகளை வரைந்தார், மச்சம் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தாவியிருந்தது. “கண்ணாடியில காட்டிப் பாருங்க மச்சான், சரியா இருக்கும்” என்பார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் அப்படியெல்லாம் பேசிக்கொண்டால் ஊர் சிரிக்கும்.

சுத்தியலைக் கையில் கொடுத்தால் ஆணியை விட்டுவிட்டு விரலில் அடித்துக்கொள்கிற மனுஷன் அவர். அவரைப் போய்ப் பீரங்கிக்குக் குண்டு தூக்கப் போட்டார்கள். இந்தச் சண்டையை நடத்தியவர்களின் புத்திசாலித்தனத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். நான் தையல்காரன், இடுப்பில் ஒரு கோளாறு, அதனால் என்னை விட்டுவிட்டார்கள். ஊரிலேயே உட்கார்ந்து பட்டாளத்துக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு நாலு வயது. அப்பா எங்கே தூங்குகிறார், எங்கே சாப்பிடுகிறார் என்று தங்கச்சியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி அதைக் கடிதத்தில் எழுதினாள். அவர் மகளுக்குப் பதில் எழுதாமல் படம் வரைந்து அனுப்பினார். ஒரு பாலம், தோப்பு, மரத்தடியில் வலை போர்த்திய பீரங்கிகள், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்கள், ஒரு ஓரத்தில் தரையில் விரித்த போர்வை. ‘அப்பா இங்கதான் தூங்குறேன்’ என்று அந்தப் போர்வைக்கு மேல் எழுதியிருந்தார். பட்டாளத்துக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற அலுவலகத்தில் அது மாட்டிக்கொண்டது.

எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது, ராணுவ போலீஸ்காரர்கள் இரண்டு பேர் என் கடைக்கு வந்து சொன்ன பிறகுதான். அவரைக் கைது செய்து இங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். பீரங்கி நிற்கிற இடத்தை வரைவதே குற்றமாம். புத்தி கெட்டுப்போய் வரைந்தார் என்று ராணுவக் கோர்ட்டு நம்பினால் சில வருஷம் ஜெயில். எதிரிக்குக் காட்டிக்கொடுக்க வரைந்தார் என்று நம்பினால் சுவரோரமாக நிற்க வைத்துச் சுட்டுவிடுவார்கள். இதை அவர்கள் சொன்னது, சட்டைக்கு அளவு சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. கடையில் எனக்கு ஒத்தாசையாக இருந்த தங்கச்சி, தைத்துக்கொண்டிருந்த காலரைக் கீழே வைக்கவே இல்லை, பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“எதிரிக்குக் காட்டிக்கொடுக்கிறவன் ‘அப்பா இங்கதான் தூங்குறேன்’னு எழுதுவானாய்யா?” என்று கேட்டேன்.

“அது சங்கேதமா இருக்கலாம்” என்றார் ஒருவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்துத் தள்ளி வைத்தேன், கைக்கு எட்டாத இடத்தில்.

கோர்ட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வகுப்பறைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளைக்காக வாதாட ராணுவமே ஒரு வக்கீலைக் கொடுத்திருந்தது. மீசை இன்னும் சரியாக முளைக்காத வக்கீல். வராந்தாவில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது பென்சிலால் காது குடைந்துகொண்டிருந்தார். நம் தலையெழுத்து இதுதான் என்று நினைத்தேன்.

“கஷ்டம்தான்” என்றார். “சண்டை எல்லையைத் தாண்டி எதிரி ஆள் வந்து போறதா பேச்சு இருக்கு. எல்லாருக்கும் பயம். பயத்துல இருக்கிறவங்க யாரையாவது சுடணும்னு பாப்பாங்க.”

“எங்க வீட்டுக்காரர் யாரையும் காட்டிக்கொடுக்கலைங்க” என்றாள் தங்கச்சி.

“அதைக் காட்ட ஏதாவது வேணும்மா. நல்லவர், வல்லவர்னு சொன்னா அங்க எடுபடாது.”

அப்புறம்தான் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார். பிஸ்கட் பெட்டிக்குள் விரிக்கிற மெல்லிய தாள். அதை முதல்முறையாக அப்போதுதான் பார்க்கிறோம். தங்கச்சி இரண்டு கையாலும் வாங்கினாள். போர்வையைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வக்கீல் பதறிப்போய், படத்தின் மேல் கண்ணீர் விழாமல் தன் கையைக் குறுக்கே நீட்டினார். கொஞ்ச நேரம் அழுதுகொண்டே பார்த்தாள். பிறகு அழுகை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் ஏறக்குறைய சிரிப்பு இருந்தது.

“அண்ணா, இங்க பாரேன். எல்லாரும் பீச்சாங்கையால சாப்பிடுறாங்க.”

பார்த்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். ஒருவன் விடாமல் அத்தனை பேரும் இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கரண்டியோடு நிற்கிற குண்டு ஆள் சமையல்காரர்; ‘தொப்பை’ என்று மாப்பிள்ளை கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிற சிநேகிதர். அவரும் இடது கையால்தான் பரிமாறினார்.

“மறுபடியும் திருப்பி வரைஞ்சிட்டாரு” என்றேன்.

வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டாம்ப், ரப்பர், மாடிப்படி, மச்சம் என்று நானும் அவளும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கேட்கக் கேட்க அவர் காதிலிருந்த பென்சில் கீழே வந்தது.

“அப்படின்னா பீரங்கி?”

“படத்துல பாலத்துக்கு இடது பக்கம் இருக்கு. நிஜத்துல வலது பக்கம் இருக்கும்” என்றாள் தங்கச்சி. “இதை வெச்சுக்கிட்டு எதிரி என்ன பண்ண முடியும்? வேற இடத்தைத்தான் அடிப்பான். காட்டிக்கொடுக்கிறவர் தப்பான இடத்தைக் காட்டிக்கொடுப்பாரா?”

வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார். “இது போதும்மா. உதவாத படம். உதவாத படத்துக்கு யாரையும் சுட முடியாது. இதை நீங்களே அங்க சொல்றீங்க. நான் கேக்கிறேன், நீங்க சொல்றீங்க.”

வீட்டுக்குத் திரும்பும்போது தங்கச்சி வேகமாக நடந்தாள். வழியெல்லாம் பேசினாள். நாலு வருஷமா, அஞ்சு வருஷமா, எவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்லை, ஜெயில் என்றால் சோறாவது போடுவார்கள், குண்டு விழாது என்றாள். புருஷன் ஜெயிலுக்குப் போகிறார் என்று ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கெட்டிக்காரி என்று அவளை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

விசாரணை அன்று மாப்பிள்ளையைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, “என்ன மச்சான், சட்டை லூசா இருக்கு, நீங்க தச்சதா?” என்றார். அந்த நிலையிலும் அவருக்குக் குசும்பு போகவில்லை. காவலுக்கு நின்றவர், பேசாதே என்று அதட்டினார்.

எதிரே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த கர்னல்தான் பெரியவர். அதட்டாமல், நிதானமாகப் பேசினார். எதிர்த்தரப்பு அதிகாரி எழுந்து, எதிரி, துரோகம், தாய்நாடு என்று மேடையில் பேசுவதுபோலப் பேசி உட்கார்ந்தார். பிறகு எங்கள் வக்கீல் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

அவள் பயப்படவே இல்லை. வீட்டை வரைந்த படத்தையும் மகளை வரைந்த படத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தாள். பட்டாளத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்து, “ஒருத்தர் பீச்சாங்கையால சாப்பிட்டா அவர் பழக்கம்னு சொல்லலாங்க. இத்தனை பேருமா?” என்று கேட்டாள். ஓரத்தில் இருந்த அதிகாரி சிரித்துவிட்டார். கர்னல்கூடப் படத்தைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார்.

“நிஜத்துல எந்தப் பக்கம்னு பாத்துடலாமே” என்று சொல்லி, அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அங்கே இருந்த ஒருவரும் அந்தப் பாலத்தை நேரில் பார்த்தவர்கள் இல்லை. படத்தில் பீரங்கி இருக்கிறது, அதுவே போதும் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். வரைபடம் வந்தது. கர்னல் அதை மேஜையில் விரித்தார். பிறகு மாப்பிள்ளையின் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். தாளைப் பின்பக்கமாகத் திருப்பி, காகிதம் ஒட்டாத ஒரு கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மெல்லிய தாள், கோடுகள் மறுபக்கம் தெரிந்தன. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது எல்லாரும் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்த அம்மா சொல்றது சரி” என்றார். “படம் திரும்பித்தான் இருக்கு.”

வக்கீல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தங்கச்சி அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, மாட்டிக்கொண்ட பையனைப் போலச் சிரித்தார்.

கர்னல் தன் இடத்துக்கு வந்து உட்காரவில்லை. வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். விரலால் பாலத்தைத் தொட்டார். வலது பக்கம் போனார், திரும்பி வந்தார், இடது பக்கம் போனார். அங்கேயே விரல் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் ஏதோ கிசுகிசுத்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பும் போனது.

“பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தோப்பு இருக்கு” என்று கர்னல் ஆரம்பித்தார். யாரைப் பார்த்தும் பேசவில்லை. “நம்ம பீரங்கி வலது பக்கத் தோப்புல. இடது பக்கத் தோப்புல காயம்பட்டவங்களைப் போட்டிருந்த கூடாரம். இது வெளியில யாருக்கும் தெரியாது, பேப்பர்ல போட விடலை. போன மாசம், இவனைப் பிடிச்சு இங்க கொண்டுவந்ததுக்கு அப்புறம், எதிரி அந்தக் கூடாரத்தை அடிச்சான். விடிஞ்சதுல இருந்து மதியம் வரைக்கும் அந்த ஒரு தோப்பையே அடிச்சான். வலது பக்கம் ஒரு குண்டுகூட விழலை. பீரங்கியை விட்டுட்டு, எழுந்து நடக்க முடியாதவங்களை ஏன் அடிச்சான்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.”



வக்கீல் குதித்து எழுந்தார். “ஐயா, இந்தப் படம் எதிரி கைக்குப் போகவே இல்லை. நம்ம ஆபீஸ்லயே பிடிச்சிட்டோம்.”

கர்னல் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “இதுக்கு முன்னாடி இதே மாதிரி படம் ஏதாவது அனுப்பினியா?”

“பதில் சொல்லாதீங்க!” என்று வக்கீல் கத்தினார்.

மாப்பிள்ளைக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று புரியவே இல்லை. வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம்கூட, நாளைக்குத் தருகிறேன் என்று பொய்த் தவணை சொல்லாத மனுஷன். “ஆமா சார்” என்றார். “ஒண்ணு அனுப்பினேன். பாப்பா கேட்டதுக்குப் பதிலே வரலைன்னு வீட்ல எழுதினாங்க. அதனால அதையே மறுபடி வரைஞ்சு அனுப்பினேன். அப்பதான் என்னைப் பிடிச்சாங்க.”

“அந்தச் சமயத்துல ஒரு தபால் வண்டி எதிரிகிட்ட மாட்டிக்கிச்சு” என்றார் கர்னல்.

மாப்பிள்ளை கர்னலைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், தன் படத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் உள்ளே இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைவிட அவர் அங்கேயே விழுந்து செத்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

“தொப்பை அங்கதான சார் இருந்தான்” என்றார். “வெந்நீர் கால்ல கொட்டிக்கிட்டான். நான்தான் சார் தூக்கிட்டுப் போய் அந்தக் கூடாரத்துல விட்டேன். அவன் எப்படி இருக்கான் சார்?”

கர்னலுக்குத் தொப்பை யார் என்று தெரியாது. ஆனால் பதில் தெரியும். “அங்க யாரும் மிஞ்சலைப்பா” என்றார்.

அப்போதுதான் தங்கச்சி கத்தினாள். “வந்துச்சு!”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“முதல் படம் வந்துச்சு சார். லேட்டா வந்துச்சு. வீட்ல இருக்கு. அவருக்குத் தெரியாது. நான் எழுதுறதுக்குள்ள இங்க பிடிச்சிட்டு வந்துட்டீங்க. வீட்ல பத்திரமா இருக்கு சார்.”

அது பொய் என்று எனக்குத் தெரியும். கர்னலுக்கும் தெரிந்திருக்கும். அவர் ரொம்ப நேரம் அவளையே பார்த்தார். பிறகு, “கொண்டு வாங்க. அது வீட்ல இருந்தா இது வேற வழக்கு” என்று சொல்லி, ஒரு ஜீப்பையும் ஒரு ஹவில்தாரையும் எங்களோடு அனுப்பினார். அந்த மனுஷனை எனக்கு இன்றைக்கும் திட்ட வரவில்லை. அவர் தன்னால் முடிந்த ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார்.

வீட்டுப் பூட்டைத் திறந்ததும் அவள் நேராகப் பீரோவுக்குப் போனாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். ஹவில்தார் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நரை விழுந்த ஆள். நான் என்ன செய்வது? நானும் தேடினேன். இல்லவே இல்லாத ஒரு காகிதத்தை அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து தேடினோம். மெத்தைக்கு அடியில் பார்த்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் பார்த்தேன். சட்டம் போட்ட படங்களைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் போனதும் எனக்கே ஒரு பைத்தியம் பிடித்தது. எங்கேயோ இருக்கும், நம் கண்ணில்தான் படவில்லை என்று நிஜமாகவே தோன்ற ஆரம்பித்தது.

“இங்கதாண்ணா வெச்சேன்” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். “இங்கதான் வெச்சேன். நீ பாக்கலை?”

“பாத்தேன்மா” என்றேன்.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். மகள் கிறுக்கிய தாள்கள் ஒரு கட்டு வந்து விழுந்தன. பூனை, சூரியன், தலை பெருத்த அப்பா. ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். எல்லாம் முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு ஹவில்தாரிடம் போனாள். வட்டம் வட்டமாக ஏதோ கிறுக்கல்.

“இதுதாங்க. பென்சில் அழிஞ்சு போச்சு. பாருங்க, இதுதான் பாலம்.”

ஹவில்தார் அதை வாங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. “போதும்மா” என்றார். “என்னால இதைக் கொண்டுபோக முடியாது. வாங்க.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. நானும் ஹவில்தாரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் ஜீப்பில் ஏற்றினோம்.

தீர்ப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எதிரிக்கு வேண்டுமென்றே அனுப்பவில்லை என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். அவரை நான் தப்பாக எடை போட்டுவிட்டேன். ஆனால் தடையை மீறி வரைந்த படத்தால் அத்தனை பேர் செத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு தண்டனைதான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சி அந்தப் பீச்சாங்கை விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தத் தோப்பையும் இந்தப் படத்தையும் யாரும் முடிச்சுப் போட்டிருக்கவே மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

கடைசியாகப் பார்க்க எங்களை விட்டார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கிற அறையில்தான் அவரை அடைத்திருந்தார்கள். மூலையில் இன்னும் வளையங்கள் தொங்கின. நாங்கள் உள்ளே போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இப்ப எது இடது, எது வலதுன்னே தெரிய மாட்டேங்குது” என்றார்.

தங்கச்சி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சாகப் போகிறவரின் பயம் ஒன்றும் அவர் முகத்தில் தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்று அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று காவலுக்கு இருந்தவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்.

“நான்தான் அவனைத் தூக்கிட்டுப் போய் அங்க போட்டேன்” என்றார். “வேண்டாம், இங்கயே கெடக்கிறேன்னான். நான்தான் வம்பு பண்ணித் தூக்கிட்டுப் போனேன். அப்புறம் நானே...”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைச் சுடப் போகிறார்கள் என்பதற்கே ஆறுதல் கிடையாது. இதற்கு எங்கே போவது?

திடீரென்று அவர் தங்கச்சியின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“நீ அங்க பொய்தான சொன்ன?”

அவள் விழித்தாள்.

“என்னைக் காப்பாத்தணும்னு சொன்ன. படம் திரும்பியிருக்குன்னு. அது பொய்தான? நான் நேராத்தான வரைஞ்சேன்? இந்த ஒரு தடவை கவனமா இருந்து நேரா வரைஞ்சேன். எனக்கு ஞாபகம் இருக்கு. இருக்கிற மாதிரி இருக்கு. நீ சொல்லு.”

அவர் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. படம் நேராக இருந்தால் அந்தத் தோப்பில் விழுந்த குண்டு அவரால் விழுந்ததில்லை. அநியாயமாகச் சாவார், அவ்வளவுதான். அதைத்தான் அவர் பிச்சை கேட்டார்.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

“ஆமாங்க. பொய்தான் சொன்னேன். நீங்க நேராத்தான் வரைஞ்சிருந்தீங்க. உங்களைக் காப்பாத்தணும்னு நான்தான் கதை கட்டினேன். அந்த கர்னல் அதை நம்பிட்டாரு.”

“எல்லாரும் எந்தக் கையால சாப்பிட்டாங்க?”

“சோத்தாங்கையாலதான்.”

“மச்சான்?” என்று என்னைப் பார்த்தார்.

வாழ்நாள் முழுக்க அவரைக் கேலி செய்த வாய் இது. “நேராத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை” என்றேன். “நீங்க வரைஞ்சதுலயே அது ஒண்ணுதான் நேரா இருந்துச்சு.”

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாரா, தெரியாது. தோள்கள் தொய்ந்தன. சுவரில் சாய்ந்துகொண்டார்.

“அப்ப தொப்பை?”

யாரும் மிஞ்சவில்லை என்று கர்னல் சொன்னதை நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்துதான் கேட்டோம்.

“அவர் தப்பிச்சிட்டாரு” என்றாள் தங்கச்சி. “அன்னைக்குக் காலையிலயே அங்கருந்து நொண்டிக்கிட்டே ஓடிட்டாராம். போன வாரம் நம்ம வீட்டுக்கு வந்தாரு. உங்களைப் பத்திக் கேட்டாரு.”

“வீட்டுக்கு வந்தானா? கால் எப்படி இருக்கு?”

“ஆறிடுச்சு. தழும்பு மட்டும் இருக்கு.”

அவர் முகத்தில் சின்னதாக ஏதோ அசைந்தது. கதவைத் தட்டி, நேரமாகிவிட்டது என்று வெளியிலிருந்து சொன்னார்கள். அவர் அவள் கையை விடவில்லை.

“சாப்பிட்டானா?” என்று கேட்டார்.

“ரெண்டு தட்டு சாப்பிட்டாருங்க” என்றாள் என் தங்கச்சி.